மயில்துத்தம் வேண்டாம்: மீன் தொட்டியில் பெருகிய நத்தைகளைக் குறைப்பது எப்படி?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டடி மீன் தொட்டி. கப்பி, மோலி, அடியில் மேய இரண்டு கோரிடோரஸ். ஒன்றரை மாதத்துக்கு முன்பு நான்கு கட்டு நீர்ச்செடிகள் வாங்கி நட்டீர்கள். பிறகு ஒன்றிரண்டு நத்தைகள் தென்பட்டன; இப்போது விளக்கைப் போட்டால் கண்ணாடி முழுவதும் மிளகு தூவினாற்போல் நத்தைக் குஞ்சுகள். கடைக்காரர் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடச் சொல்கிறார். உங்கள் மனைவி தொட்டியை மொத்தமாகக் கவிழ்த்துக் கழுவிவிடலாம் என்கிறார். ஐந்து வயது மகன் நத்தைகளைக் கையால் எடுத்து விளையாடுவதால் நோய் ஏதும் வருமோ என்ற பயமும் இருக்கிறது. மருந்தா, கழுவுவதா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறீர்கள். மீன் ஒன்றுகூடச் சாகாமல் நத்தைகளின் எண்ணிக்கையை இறக்குவதும், அது மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்வதும்தான் உங்களுக்குத் தேவை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

மீன்வள அறிவியல் படித்துவிட்டு, வண்ண மீன் பண்ணைகளில் நீரின் தரத்தையும் மீன் நோய்களையும் பார்ப்பது என் தொழில். நத்தை விஷயமாக என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர், நத்தையைக் கொல்லப்போய் மீனை இழந்துவிட்டு வருகிறவர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மயில்துத்தம் வேண்டாம், தொட்டியைக் கவிழ்க்கவும் வேண்டாம். இந்த இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் கொண்டிருக்கும் நத்தை எந்த வகை என்பதை மட்டும் படம் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது; அதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

மயில்துத்தம் என்பது காப்பர் சல்ஃபேட். தாமிரம் நத்தையைக் கொல்லும் என்பது உண்மைதான். குளங்களில் நத்தைகளை அழிக்க நெடுங்காலமாக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிக்கல் அளவில் இருக்கிறது. மீன் நோய்க்கு மருந்தாகத் தாமிரத்தைப் பயன்படுத்தும்போது லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் தாமிரம் என்ற அளவைத்தான் குறிவைப்போம். உங்கள் இரண்டடித் தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். மயில்துத்தத்தின் எடையில் நான்கில் ஒரு பங்குதான் தாமிரம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மொத்தத் தொட்டிக்கும் 40 மில்லிகிராம் மயில்துத்தம் போதும். விரல் நுனியில் எடுக்கும் ஒரு சிட்டிகை இதைப் போலப் பல மடங்கு இருக்கும். வீட்டுத் தராசில் 40 மில்லிகிராமை நிறுக்கவே முடியாது.

அளவைச் சரியாக நிறுத்தாலும் பிரச்சினை தீராது. தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் கார்பனேட் உப்புகளின் அளவைப் பொறுத்துத் தாமிரத்தின் நச்சு பெரிதும் மாறும். கடினமான போர்வெல் தண்ணீரில் ஒரு பகுதி கார்பனேட்டாகப் படிந்து சரளைக்குள் போய்விடும். மென்மையான மழைநீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ அதே அளவு மீன்களின் செவுள்களைத் தாக்கும். குளங்களுக்கு அளவு கணக்கிடும்போது காரத்தன்மையை அளந்து அதை 100ஆல் வகுத்துத்தான் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் என்று முடிவு செய்வார்கள். காரத்தன்மை லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பயன்படுத்தவே கூடாது என்பது பண்ணைகளில் பொதுவான எச்சரிக்கை. சரளையில் படிந்த தாமிரம் அங்கேயே இருக்கும். பின்னாளில் தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்தால் திரும்பக் கரைந்து வரலாம். அந்தத் தொட்டியில் இனி இறால் வளர்க்கும் எண்ணமிருந்தால் அதை மறந்துவிட வேண்டியதுதான். நாய்களுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோலும் நத்தைகளைக் கொல்லும். மீன்களுக்கு அது தாமிரம் அளவுக்கு ஆபத்தானது இல்லை. இருந்தாலும் சரளையில் தங்கிவிடுகிறது. பிறகு அழகுக்காக விடும் நெரைட் நத்தைகள் பல மாதங்களுக்கு அந்தத் தொட்டியில் பிழைப்பதில்லை. அதன் அளவை இங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு ஆபத்து எந்த மருந்துக்கும் பொது. மருந்து நன்றாக வேலை செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரே இரவில் ஐந்நூறு நத்தைகள் ஓட்டுக்குள்ளேயும் சரளைக்குள்ளேயும் செத்துக் கிடக்கும். அவற்றையெல்லாம் உங்களால் பொறுக்கி எடுக்க முடியாது. அவை அழுகும்போது அமோனியா வெளிவரும். அழுகலுக்கு ஆக்சிஜனும் செலவாகும். அமோனியாவின் கொடுமை தண்ணீரின் அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் அளவைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 இருக்கும் தண்ணீரில் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது சுமார் 7 சதவீதத்துக்கு மேலே போய்விடும். கிட்டத்தட்டப் பத்து மடங்கு. நம் ஊர்ப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் 8ஐ ஒட்டித்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். பல நேரங்களில் அது அழுகிய நத்தைகளின் வேலை.

தொட்டியைக் கவிழ்த்துக் கழுவும் யோசனைக்கு வருகிறேன். உங்கள் வடிகட்டியின் பஞ்சிலும் சரளையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை குடியேறி நிலைபெற ஒரு மாதம் போல ஆகும். எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் ஊற்றி அன்றைக்கே மீன்களை விட்டால், தொட்டி கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். மீன்கள் மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சோர்ந்து விழும். இவ்வளவுக்குப் பிறகும் நத்தை போயிருக்காது. செடியின் இலைக்கு அடியில் ஒரே ஒரு முட்டைக் கூழ் தப்பினால் போதும். வடிகட்டிக் குழாயின் வளைவில் ஒரு நத்தை தப்பினால் போதும். சில வகை நத்தைகள் துணை இல்லாமலே இனம் பெருக்கக்கூடியவை.

அப்படியானால் ஏன் இத்தனை வந்தன? செடியோடு ஒன்றிரண்டு நத்தைகளோ முட்டைகளோ வந்தன. அதைத் தவிர்ப்பது கடினம். ஒன்றிரண்டு ஐந்நூறு ஆனதற்குக் காரணம் தொட்டிக்குள் கிடந்த சாப்பாடு. நத்தை தின்பது மீன் மிச்சம் விட்ட தீவனம், அழுகும் இலை, பாசி, செத்த மீன், கண்ணாடியில் படியும் மெல்லிய வழவழப்பு. இவை அதிகமாக இருந்தால் முட்டைகள் அதிகமாகும். பொரிந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைக்கும். இவை குறைந்தால் முட்டையிடுவது தானாகவே குறைந்துவிடும். நான் பார்த்தவரை, நத்தை பெருத்த தொட்டிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் தீவனம் அளவுக்கு மீறித்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் அப்பா ஒரு சிட்டிகை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை ஒரு சிட்டிகை, ராத்திரி தாத்தா ஒரு சிட்டிகை. யாரையும் குறை சொல்ல முடியாது. மீன்கள் எப்போது பார்த்தாலும் பசியோடு இருப்பதுபோல்தான் கண்ணாடியை நோக்கி ஓடிவரும்.

இனி உங்கள் நத்தை எது என்று பாருங்கள். ஒரு கைவிளக்கும், முடிந்தால் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். ஓடு தட்டையாக, கயிற்றைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தால் அது ராம்ஸ்ஹார்ன். பழுப்பாகவும் இருக்கும், ரத்தச் சிவப்பாகவும் இருக்கும். அதன் ரத்தத்தில் நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு; ஓட்டில் நிறம் குறைந்தவற்றில் அந்தச் சிவப்பு வெளியே தெரிகிறது. ஓடு முட்டை வடிவில், கூம்பு முனையோடு, அரை அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் அதைக் கையில் எடுத்து, முனை மேலே பார்க்கவும் வாய் உங்களைப் பார்க்கவும் பிடியுங்கள். வாய் இடப்பக்கம் இருந்தால் அது பிளாடர் நத்தை. அறிவியல் பெயர் ஃபைசெல்லா அக்யூட்டா. வட அமெரிக்காவைச் சேர்ந்த இது இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. வாய் வலப்பக்கம் இருந்து, உணர்கொம்புகள் நூல் போல் இல்லாமல் முக்கோணமாக இருந்தால் அது குளத்து நத்தையான லிம்னேயா வகை. திருகாணி போல நீண்டு கூர்மையாக, பகலில் சரளைக்குள் மறைந்து இரவில் வெளியே வந்தால் அது டிரம்பெட் நத்தை. நீங்கள் சொல்லும் வேகத்தையும் கண்ணாடியில் ஒட்டும் வழக்கத்தையும் பார்த்தால் பிளாடர் நத்தையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது ஊகம்தான்.

வகையைத் தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம், வழிமுறை அதற்கேற்ப மாறும். பிளாடர், ராம்ஸ்ஹார்ன், லிம்னேயா மூன்றும் முட்டையிடுபவை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். தேவைப்பட்டால் தன்னைத்தானே கருவூட்டிக்கொள்ளும். கண்ணாடியில் சாய்வாக விளக்கை அடித்துப் பாருங்கள்: பசை போன்ற தெளிந்த ஒரு சிறு துளி ஒட்டியிருக்கும், அதற்குள் ஊசிமுனைப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். புதிதாக இட்டதில் புள்ளிகள் வெண்மையாக அசையாமல் இருக்கும். சில நாட்கள் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி ஓடாகி, கூழுக்குள்ளேயே மெல்லச் சுழல்வது தெரியும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்துவிடும். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் இந்தக் கூழைச் சுரண்டி எடுத்துவிடலாம். டிரம்பெட் நத்தையில் இந்த வேலைக்கு இடமில்லை. அது குட்டி போடும். பெண் மட்டுமே இருந்தாலும் குட்டி போடும். ஓட்டு வாயை அடைத்துக்கொள்ள ஒரு மூடியும் அதற்கு இருப்பதால், தண்ணீரில் கலக்கும் மருந்துகளையும் சில நாள் தண்ணீரில்லாமல் காய்வதையும் தாங்கிக்கொள்ளும்.

செய்ய வேண்டியவற்றில் முதலாவதும் முக்கியமானதும் தீவனம். இன்றிலிருந்து வீட்டில் ஒருவர் மட்டும் தீவனம் போடட்டும். ஒரு நாளைக்கு ஒரு வேளை. இரண்டு நிமிடத்துக்குள் மேலேயே தீர்ந்துவிடும் அளவு. ஒரு துகள்கூட அடிக்குப் போகாத அளவுக்குப் போட்டுப் பழகுங்கள். கோரிடோரஸுக்கு மூழ்கும் குளிகை தனியாகப் போட வேண்டும். அதை விளக்கு அணைந்த பின் போட்டு, மறுநாள் காலையில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் தீவனமே வேண்டாம். வளர்ந்த கப்பிக்கும் மோலிக்கும் இதனால் எந்தக் கேடும் இல்லை. குட்டிகள் இருந்தால் அவற்றை மட்டும் தனியாக எடுத்து வளர்ப்பது நல்லது. குட்டிகளுக்கு அடிக்கடி தீவனம் வேண்டும், அந்தத் தேவையும் நத்தையைக் குறைக்கும் முயற்சியும் ஒரே தொட்டியில் ஒத்துப்போகாது.

இரண்டாவது, வாரம் ஒரு முறை சைபன் குழாயால் சரளையைக் கிளறி, அடியில் தங்கிய அழுக்கோடு நான்கில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். மஞ்சளான, கரைந்துபோகும் இலைகளைக் கிள்ளி எறியுங்கள். இலையில் ஓட்டை இருப்பதைப் பார்த்து நத்தை தின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிளாடரும் ராம்ஸ்ஹார்னும் பெரும்பாலும் ஏற்கெனவே செத்துக்கொண்டிருக்கும் இலைப் பகுதியைத்தான் அரிக்கின்றன. முதிர்ந்த இலையில் குண்டூசி ஓட்டைகள் விழுவது பல நேரம் பொட்டாசியம் பற்றாக்குறையைக் காட்டும். வடிகட்டியைத் திறந்து, பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து கழுவுங்கள். உள்ளே சுழலும் விசிறிப் பகுதியில் நத்தைகள் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். மோட்டார் நின்றுபோக அது ஒன்று போதும்.

மூன்றாவது பொறி. ஒரு முட்டைக்கோஸ் இலையையோ, விரல் தடிமன் வெள்ளரித் துண்டையோ நன்றாகக் கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுங்கள், இளகி மூழ்கும். ஒரு கல்லோடு நூலால் கட்டி, விளக்கை அணைக்கும்போது தொட்டியின் மூலையில் இறக்கிவிடுங்கள். விடிந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன் எடுத்தால் இலையின் அடிப்பக்கம் முழுவதும் நத்தைகள் அப்பியிருக்கும். இலையை மெதுவாகத் தூக்கி, தண்ணீருக்குள்ளேயே ஒரு வலையை அதன் அடியில் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். இல்லையென்றால் பாதி உதிர்ந்துவிடும். காய்கறியில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கலாம் என்பதால் கழுவுவதில் அலட்சியம் வேண்டாம். இலையைப் பகல் முழுவதும் உள்ளேயே விட்டுவிட்டால் நீங்களே அவற்றுக்கு விருந்து வைத்ததாகிவிடும். தொடர்ந்து பத்து இரவு செய்தால் பெரிய நத்தைகள், அதாவது முட்டையிடும் வயதில் இருப்பவை, கண்கூடாகக் குறையும்.

இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தால் எவ்வளவு காலத்தில் பலன் தெரியும் என்று கேட்பீர்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றும் குறையாததுபோல் தோன்றும், ஏனென்றால் ஏற்கெனவே இட்ட முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் பொறுமை இழந்து மருந்துக்குப் போகிறார்கள். ஒரு மாதம் தாண்டினால் வித்தியாசம் தெரியும். இரண்டு மாதம் போல ஆகும்போது தேடிப் பார்த்தால் நாலைந்து தென்படும் நிலைக்கு வரும். ஒன்றுகூட இல்லாமல் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த நாலைந்து நத்தைகளை விட்டுவைப்பதை நான் ஆதரிக்கிறேன். மீன் விட்டதைத் தின்று, பாசியைச் சுரண்டி, உங்கள் கைக்கு எட்டாத மூலையில் செத்த மீன் குஞ்சை அழுகுமுன் அவை தின்று தீர்க்கும். டிரம்பெட் நத்தையாக இருந்தால் சரளையைக் கிளறி விடும். அவை பட்டப்பகலில் கூட்டமாகக் கண்ணாடியின் மேல்பகுதிக்கு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா, ஏதாவது அழுகுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

நத்தை தின்னும் மீனை விடலாமே என்று யாராவது சொல்லப் போகிறார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிளவுன் லோச், நம் அயிரைக்குத் தூரத்துச் சொந்தம். சுமத்ராவிலும் போர்னியோவிலும் வாழ்வது. கடையில் விரல் நீளம் இருக்கும். வளர்ந்தால் ஓரடி வரை போகும். கூட்டமாக இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். உங்கள் இரண்டடித் தொட்டியில் அதை அடைப்பது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை. இன்னொன்று டுவார்ஃப் பஃபர் என்று விற்கும் குட்டிப் பேத்தை மீன். முழு வளர்ச்சியிலும் மூன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. கண்களைத் தனித்தனியாக உருட்டி நத்தையைக் குறிபார்த்துக் கொத்தும் அழகு தனி. ஆனால் அது கப்பியின் விசிறி வாலையும் அப்படியே கொத்தும். தவிர, அது கேரள ஆறுகளில் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதி மீன். அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. வண்ண மீன் வணிகத்துக்காக ஆற்றிலிருந்து ஏராளமாகப் பிடித்ததும் அது அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்ததற்கு ஒரு காரணம். நத்தைத் தொல்லை தீர அதை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நத்தையைத் தின்னும் நத்தையும் உண்டு. அசாசின் நத்தை என்று விற்கிறார்கள். மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட கூம்பு ஓடு, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வருவது. மணலுக்குள் புதைந்திருந்து மூக்குக் குழாயை மட்டும் வெளியே நீட்டி இரையைத் தேடும். மீன்களை அது சீண்டாது. உங்கள் அளவுத் தொட்டிக்கு மூன்று நான்கு போதும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், மாதக் கணக்கில் ஆகும். அதற்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் குஞ்சு உண்டு, ஆனால் பெருக்கம் மிக மெதுவானது. தீவனத்தைக் குறைக்காமல் இதை மட்டும் விட்டுப் பயனில்லை. தண்ணீரின் கடினத்தைக் குறைத்தால் நத்தையின் ஓடு கரைந்து அது போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மோலிக்கும் கப்பிக்கும் அந்தக் கடினமான தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். உப்பும் அப்படித்தான்: மோலி தாங்கும், செடி தாங்காது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். நன்னீர் நத்தைகள் சில ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு இடைநிலை வாழிடம் என்பது உண்மை, அதனால் உங்கள் கவலை நியாயமானது. நம் குளங்களிலும் வயல்களிலும் இருக்கும் ராம்ஸ்ஹார்ன் இனமான இண்டோபிளானார்பிஸ், கால்நடைகளைத் தாக்கும் ரத்தப் புழுக்களைச் சுமக்கிறது. அந்தத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குக் காலில் கடும் அரிப்பும் தடிப்பும் வருவதுண்டு. ஆனால் அந்தப் புழுவின் சுழற்சிக்கு மாடு வேண்டும். மாட்டிலிருந்து வரும் முட்டை தண்ணீரில் பொரிந்து நத்தைக்குள் புக வேண்டும், நத்தையிலிருந்து வெளிவந்து மறுபடி மாட்டுக்குள் போக வேண்டும். நத்தை தன் குஞ்சுக்கு அதைக் கடத்துவதில்லை. ஆகவே உங்கள் தொட்டிக்குள்ளேயே பிறந்த நத்தைகளிடமிருந்து அது வர வழியில்லை. ஏரியிலோ வாய்க்காலிலோ பிடித்த நத்தையை, செடியை, மண்ணை மட்டும் தொட்டியில் போடாதீர்கள். மகனையும் அவற்றைத் தொட விடாதீர்கள்.

நத்தையைவிட மீன் தொட்டித் தண்ணீரைப் பற்றித்தான் நான் எச்சரிப்பேன். அதில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். தோலில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாகப் புகுந்து ஆறாத புண்ணை உண்டாக்கும் ஒரு வகைக் கிருமியும் உண்டு. கையில் காயம் இருக்கும்போது யாரும் தொட்டிக்குள் கை விட வேண்டாம். சைபன் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம். மகன் தொட்டியில் கை விட்டால் உடனே சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவட்டும். விரலை வாயில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கையை விடுவதற்கு முன்பும் வெறும் தண்ணீரில் கழுவி, சோப்போ எண்ணெயோ இல்லாமல் விட வேண்டும், அது மீன்களுக்காக. ஏற்கெனவே அவனுக்கு அரிப்போ ஆறாத புண்ணோ இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அதற்கு மேல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

அடுத்த முறை செடி வாங்கும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு: நேராகத் தொட்டியில் நடாதீர்கள். ஒரு வெள்ளை வாளியில் தண்ணீரும் வெளிச்சமும் கொடுத்து மூன்று வாரம் வைத்திருங்கள். வெள்ளை வாளி என்று சொல்வது, குஞ்சு நத்தை அதில் உடனே கண்ணில் படும் என்பதற்காக. முட்டைகள் பொரிந்து வெளிவரும், பொறுக்கி எடுத்துவிடலாம். அவசரமென்றால் படிகாரக் கரைசல்: ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி படிகாரத் தூள் கரைத்து, செடியை இரண்டு மூன்று மணி நேரம் முக்கி எடுத்து, நன்றாக அலசி நடலாம். நத்தைகள் சாகும், முட்டைகள் எல்லாமும் சாகும் என்று நம்பக் கூடாது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலிலும் இதே குறை உண்டு. முட்டை வரை கொல்வது திரவ ப்ளீச். ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்தொன்பது பங்குத் தண்ணீர், இரண்டு நிமிடம், அதற்கு மேல் கூடாது. உடனே அலசி, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அனுபியாஸ் போன்ற தடித்த இலைச் செடிகள் தாங்கும். மாஸ் என்று விற்கும் பாசிச் செடிகளும், நாடா போல் நீண்ட இலை கொண்ட வாலிஸ்னேரியாவும் கருகிவிடும். கடையில் கிடைக்கும் ப்ளீச்சிங் பவுடரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது வேறு பொருள், பொட்டலத்துக்குப் பொட்டலம் வீரியமும் வேறுபடும். செலவு பரவாயில்லை என்றால் சிறு கிண்ணங்களில் விற்கும் திசு வளர்ப்புச் செடிகளை வாங்குங்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தவை என்பதால் நத்தை வர வாய்ப்பே இல்லை.

எடுத்த நத்தைகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். பிளாடர், ராம்ஸ்ஹார்ன் குஞ்சுகளைக் கண்ணாடியிலேயே விரலால் நசுக்கிவிட்டால் கப்பிகளும் மோலிகளும் நொடியில் தின்றுவிடும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் வேண்டாம், அன்றைய தீவனத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள். மிச்சத்தைக் கொதிநீரில் போட்டு, செடித் தொட்டி மண்ணில் புதைத்துவிடலாம். சாக்கடையிலோ, கோயில் குளத்திலோ, ஏரியிலோ உயிரோடு கொட்டக் கூடாது. சைபன் செய்த தண்ணீரையும் ஒரு துணியில் வடிகட்டிவிட்டுத்தான் வெளியே ஊற்ற வேண்டும். அசாசின் நத்தை வாங்கினால் இது இன்னும் முக்கியம். அது நம் நீர்நிலைகளில் இல்லாத இனம்.

இரண்டு மாதம் இதைச் செய்தும் குறையவில்லை என்றால் திரும்ப எழுதுங்கள். அப்போது ஒரு நத்தையை வெள்ளைக் காகிதத்தில் ஒரு ரூபாய் நாணயத்துக்குப் பக்கத்தில், ஓட்டின் முனை மேலே பார்க்க வைத்து, வாய்ப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். தண்ணீரின் பிஎச், அமோனியா அளவுகளையும், ஒரு நாளைக்கு யார் யார் எத்தனை முறை தீவனம் போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.